கர்னல் கிளார்க் போட்ட பந்தயம்

(குடிபாலாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



குதிரைப் பந்தயம்தான் தலைப்பு என்று நான் சொன்னதும் அவைத் தலைவர் ஐயா கொஞ்சம் யோசித்தார். பொதுமேடையில் ரேஸைப் பற்றியா என்று கேட்டார். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ரேஸ் என்றால் நம் வீடுகளில் நகை அடகுக் கடைக்குப் போனது, நிலம் கைமாறியது, மனிதர் சனிக்கிழமை போய்த் திங்கட்கிழமை தலை குனிந்து வந்தது என்றுதான் பேச்சு. ரேஸுக்குப் போகிற பையன் என்றால் பெண் கொடுக்கிறவர்கள் இரண்டு தடவை விசாரிப்பார்கள். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரையும் ரேஸுக்கு அனுப்பி வைக்க நான் வரவில்லை. ஒரு மனிதரின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் கென்டக்கி என்று ஒரு மாநிலம். அதில் லூயிவில் என்ற ஊர். வழக்கமாக மே மாதம் முதல் சனிக்கிழமை அங்கே ஒரு பந்தயம் நடக்கும். கென்டக்கி டெர்பி என்று பெயர். ஓடி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாத ஆண்டுகள் உண்டு. இந்த இரண்டு நிமிடத்துக்காக ஒன்றரை லட்சம் பேர் கூடுகிறார்கள். 1875இல் தொடங்கியது. இரண்டு உலகப் போர்கள் வந்தன, கொரோனா வந்தது, ஒரு வருடம்கூட நின்றதில்லை. தேதி மாறியதுண்டு, 2020இல் செப்டம்பருக்குப் போனது மாதிரி, அவ்வளவுதான்.

இதைத் தொடங்கியவர் பெயர் மெரிவெதர் லூயிஸ் கிளார்க். ஊரார் அவரைக் கர்னல் கிளார்க் என்று அழைத்தார்கள். இருபத்தைந்தாவது டெர்பிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, 1899 ஏப்ரல் 22ஆம் தேதி, தன் கைத்துப்பாக்கியால் தன் உயிரை முடித்துக்கொண்டார். வயது ஐம்பத்து மூன்று. அவர் ஆரம்பித்த பந்தயம் உலகப் புகழ் பெற்றது. அவர் அதற்குள் தோற்றுப் போயிருந்தார். இரண்டும் எப்படி ஒரே கதையில் வந்தன என்பதுதான் இன்றைய பேச்சு.

அமெரிக்கக் கதை குடிபாலாவில் எதற்கு என்று கேட்பீர்கள். பொங்கல் முடிந்தால் இங்கிருந்து வேலூர் மாவட்டம் முழுக்க மாடு விடும் விழா. திருப்பதிக்குப் பக்கத்தில் ரங்கம்பேட்டையில் காளையின் கொம்பில் பலகை கட்டி விடுகிறார்கள், பையன்கள் அதைப் பறிக்கப் பாய்கிறார்கள். வேலூர்ப் பக்கத்து விழாவில் பார்த்திருப்பீர்கள்: காளை தெருவில் தனியாக ஓடும், எத்தனை நொடியில் எல்லைக்கோட்டைத் தாண்டியது என்பதுதான் கணக்கு. அரை நொடியில் பரிசு மாறும். அப்போது விழாக் குழுக்காரர்கள் படும் பாட்டைக் கவனித்திருக்கிறீர்களா? மாட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடை ஏறுவார். ‘என் மாட்டுக்கு நொடி தப்பாப் போட்டுட்டீங்க’ என்பார். தலைவர் ‘நான் சொன்னா சொன்னதுதான்’ என்பார். நம்முடைய கிளார்க் அந்த மேடையில் நின்ற தலைவர். அந்த இடத்திலேயே இருபது வருடத்துக்கு மேல் நின்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆளைப் பாதி புரிந்துகொண்டீர்கள்.

அவருடைய பெயரில் ஒரு வரலாறு இருக்கிறது. 1804இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராய ஒரு படை புறப்பட்டது. தலைமை தாங்கியவர்கள் இரண்டு பேர், மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க். பசிபிக் கடல் வரை போய்த் திரும்பினார்கள். வில்லியம் கிளார்க் தன் மகனுக்கு நண்பனின் பெயரை வைத்தார். அந்த மகன் தன் மகனுக்கும் அதே பெயரை வைத்தார். அந்தப் பேரன்தான் நம் ஆள். மூத்த லூயிஸ் 1809இல் டென்னசி மாநிலத்தில் ஒரு சத்திரத்தில் துப்பாக்கிக் குண்டடிபட்டு இறந்தார். தற்கொலை என்றே பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். தொண்ணூறு ஆண்டு கழித்து அதே பெயர்க்காரர் அதே டென்னசியில், மெம்பிஸ் நகரத்தில், அதே விதமாக. நம் ஊர் ஜோசியரிடம் சொன்னால் பெயர்ராசி என்று நோட்டில் குறித்துக்கொள்வார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கிளார்க்கை வீழ்த்தியவை பெயரைவிடச் சாதாரணமான விஷயங்கள்.

1846இல் பிறந்தார். ஆறு வயதில் தாய் இறந்துவிட்டார். தாய் சர்ச்சில் குடும்பத்துப் பெண். தாய்மாமன்கள் ஜான், ஹென்றி இருவரும் லூயிவில்லில் பெரிய நிலக்காரர்கள். பையன் தாய்வழி வீட்டில் வளர்ந்தான். செல்லத்துக்கும் பணத்துக்கும் குறைவில்லை. விருந்து, உயர்ந்த சாராயம், குதிரை, நல்ல உடுப்பு, இவற்றுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளை. தாய்மாமன் மடியில் வளர்ந்தவனுக்கு உலகமே தாய்மாமன் மாதிரி தெரியும் என்று எங்கள் பாட்டி சொல்வாள். கிளார்க் விஷயத்தில் அது உண்மை. தன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது என்ற நினைப்போடுதான் அவர் ஆளானார்.

கென்டக்கி குதிரை வளர்ப்புக்குப் பெயர் போன இடம். ஆனால் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர் அந்தத் தொழிலை முறித்துவிட்டது. படைகள் கொட்டிலிலிருந்து நல்ல குதிரைகளைப் பிடித்துக்கொண்டு போயின. லூயிவில்லில் இருந்த பழைய பந்தயத் திடலையும் 1870இல் மூடிவிட்டார்கள். குதிரை வளர்ப்பவர்களுக்குச் சந்தை வேண்டும். சந்தைக்கு விளம்பரம் வேண்டும். குதிரைக்குப் பந்தயத்தைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. இந்த நிலைமையில்தான் 1872இல் கிளார்க் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார்.

இங்கிலாந்தில் எப்சம் டெர்பியைப் பார்த்தார். அங்கே பந்தய உலகத்தின் சர்வாதிகாரி மாதிரி இருந்த அட்மிரல் ரவுஸைச் சந்தித்தார். எந்தக் குதிரை எவ்வளவு எடை சுமந்து ஓட வேண்டும் என்று கணக்குப் போடுவதில் ரவுஸ் பேரறிஞர். பிறகு பாரிஸ் போய் லாங்ஷாம் திடலைப் பார்த்தார். அங்கேதான் அந்த இயந்திரத்தையும் கண்டார்.

இந்த இயந்திரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், கதை முழுக்க அது வரும். பழைய முறையில் பந்தயப் பணம் வாங்குகிறவர் புக்கி. ‘இந்தக் குதிரைக்கு ஒன்றுக்கு ஐந்து தருகிறேன்’ என்று அவரே விலை சொல்வார். நீங்கள் ஜெயித்தால் அவருக்கு நஷ்டம், நீங்கள் தோற்றால் அவருக்கு லாபம். ஆகவே எந்தக் குதிரை தோற்க வேண்டும் என்பதில் அவருக்கு ஆசை இருக்கும். அந்த ஆசை குதிரை ஓட்டும் ஜாக்கியின் காதுவரை போகும். ஜோசப் ஒல்லே என்ற பாரிஸ்காரர் 1860களில் வேறு வழி கண்டார். ஆயிரம் பேர் தலைக்குப் பத்து ரூபாய் கட்டினால் பத்தாயிரம் சேரும். நடத்துகிறவர் தன் பங்காக ஆயிரத்தை எடுத்துக்கொள்வார். மீதி ஒன்பதாயிரம். ஜெயித்த குதிரையின் மேல் நூறு பேர் கட்டியிருந்தால் ஆளுக்குத் தொண்ணூறு ரூபாய். பத்தே பேர் கட்டியிருந்தால் ஆளுக்குத் தொள்ளாயிரம். விலையை யாரும் சொல்வதில்லை, கூட்டமே தீர்மானிக்கிறது. எந்தக் குதிரை வந்தாலும் நடத்துகிறவருக்கு அதே ஆயிரம்தான். கூட்டுவதற்கும் சீட்டு அடிப்பதற்கும் ஒரு பெட்டி. கிண்டியில் டோட் என்று சொல்வார்களே, அதுதான்.

கிளார்க் ஊர் திரும்பினார். 1874இல் லூயிவில் ஜாக்கி கிளப். 320 பேரிடம் தலைக்கு நூறு டாலர் வசூலித்தார். மாமன்களிடமிருந்து எண்பது ஏக்கர் குத்தகைக்கு எடுத்தார். இன்றும் அந்தத் திடலுக்குச் சர்ச்சில் டவுன்ஸ் என்றுதான் பெயர், மாமன் வீட்டுப் பெயர். 1875 மே 17ஆம் தேதி முதல் டெர்பி. பத்தாயிரம் பேர் வந்தார்கள். கிளார்க்குக்கு அப்போது இருபத்தொன்பது வயது.

அந்த நாளை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பதினைந்து குதிரைகள், ஒன்றரை மைல் தூரம். மெக்ராத் என்ற முதலாளிக்கு அதில் இரண்டு குதிரைகள், செசபீக், அரிஸ்டைடிஸ். மெக்ராத் சூதாட்ட விடுதி நடத்திப் பணம் சேர்த்தவர். அவர் போட்ட திட்டம் இது: சின்னக் குதிரையான அரிஸ்டைடிஸ் முன்னால் வேகமாக ஓடி மற்றக் குதிரைகளை இளைக்க வைக்க வேண்டும். கடைசியில் செசபீக் பின்னாலிருந்து வந்து ஜெயிக்க வேண்டும். செசபீக் சரியாகப் புறப்படவில்லை, பின்தங்கிவிட்டது. கடைசித் திருப்பத்தில் அரிஸ்டைடிஸ்தான் முன்னால். ஜாக்கி ஆலிவர் லூயிஸ் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, என்ன செய்வது என்று பார்க்கிறார். மெக்ராத் வேலியோரம் நின்று போ, போ என்று கையை வீசினார் என்கிறார்கள். லூயிஸ் கடிவாளத்தை விட்டார். 2 நிமிடம் 37¾ நொடி. முதல் டெர்பி அரிஸ்டைடிஸுக்கு.

ஆலிவர் லூயிஸ் கறுப்பர். அன்று ஓட்டிய பதினைந்து ஜாக்கிகளில் பதின்மூன்று பேர் கறுப்பர்கள். குதிரையைப் பழக்கிய ஆன்சல் வில்லியம்சன் அடிமையாகப் பிறந்து போருக்குப் பின் விடுதலை பெற்றவர். அடிமைக் காலத்தில் கொட்டிலைக் கூட்டியவர்களும், இரவில் குதிரையோடு படுத்தவர்களும், அதிகாலையில் சவாரி செய்து பழக்கியவர்களும் அவர்கள்தானே. வேலை தெரிந்தவர்கள் ஓட்டினார்கள். முதல் இருபத்தெட்டு டெர்பிகளில் பதினைந்தைக் கறுப்பு ஜாக்கிகள் ஜெயித்தார்கள். ஐசக் மர்ஃபி மட்டும் மூன்று, 1884, 1890, 1891. ஜிம்மி விங்க்ஃபீல்ட் 1901, 1902 என்று அடுத்தடுத்து இரண்டு.

நம் பக்கத்தில் குதிரை என்றால் யார் நினைவுக்கு வருகிறார்? செஞ்சி தேசிங்கு ராஜன். 1714இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதிச் செத்தவர். அவர் கட்டிய கட்டடம் எது, போட்ட சட்டம் எது என்று நம்மில் யாருக்கும் தெரியாது. முரட்டுக் குதிரையை அடக்கி ஏறினார், அது போதும், இருநூறு வருடத்துக்கு மேல் தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் வாழ்ந்துகொண்டிருக்கிறார். நமக்குக் குதிரையின் நாயகன் அதன் மேல் உட்கார்ந்தவர். கென்டக்கியில் தலைகீழ். குழுத் தலைவர் பெயர் நிலைத்தது. ஏறி ஓட்டியவர்களின் பெயர் பல வருடம் பெரும்பாலும் மறந்துபோயிருந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் வெள்ளை ஜாக்கிகள் சேர்ந்துகொண்டு கறுப்பர்களை வேலியில் நெருக்கினார்கள், முதலாளிகள் குதிரை தர மறுத்தார்கள். விங்க்ஃபீல்ட் பிழைப்புக்காக ரஷ்யா போனார். அவரை 1961இல் டெர்பி விருந்து ஒன்றுக்கு அழைத்தார்கள். இரண்டு முறை டெர்பி ஜெயித்த மனிதரை ஹோட்டல் வாசலில் முன்கதவு வழியாக வராதே என்று தடுத்தார்கள். இதைக் கேட்டு அமெரிக்கா அப்படித்தான் என்று நாம் தலையாட்டுவோம். முன்கதவு, பின்கதவு நம் ஊருக்கும் புதிதில்லை.

கிளார்க்குக்கு வருகிறேன். மனிதர் விருந்து வைப்பதில் மன்னர். போலந்திலிருந்து வந்த புகழ்பெற்ற நடிகை ஹெலேனா மோட்யெஸ்காவுக்கு அவர் விருந்து வைத்ததாக ஒரு கதை உண்டு. புதினா, சர்க்கரை, பனிக்கட்டி, போர்பன் சாராயம் கலந்த பானம் கென்டக்கியில் பிரசித்தம். கிளார்க் அதை ஒரு பெரிய கிண்ணத்தில் கலந்து, எல்லோரும் ஆளுக்கு ஒரு வாய் குடிக்கட்டும் என்று முதலில் அம்மையாரிடம் நீட்டினார். அம்மையார் ருசி பார்த்தார், பிடித்திருந்தது. இது எனக்கு இருக்கட்டும், மற்றவர்களுக்கு வேறு கொண்டுவாருங்கள் என்றாராம். இன்னொரு விருந்தில் பெண்களுக்கு ரோஜாப்பூ கொடுத்தார்கள், அதைப் பார்த்துத்தான் கிளார்க் ரோஜாவை டெர்பியின் பூவாக்கினார் என்கிறார்கள். இன்று ஜெயித்த குதிரைக்கு ரோஜாப் போர்வை போர்த்துகிறார்கள்.

விருந்து ஒரு முகம். திடலுக்கு வந்தால் அவர் வேறு ஆள். நடுவர்களும் பந்தயத்தைப் பற்றி எழுதும் பத்திரிகைக்காரர்களும் பணம் கட்டக் கூடாது என்று போராடினார். தீர்ப்புச் சொல்கிறவன் கையில் சீட்டு இருந்தால் தீர்ப்பு எப்படி இருக்கும் என்பது அவர் கேள்வி. எடையை ஒழுங்குபடுத்தியதும் அவர்தான். எடை என்றால் இதுதான்: ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏறி உட்கார வேண்டும். குறித்த எடைக்குக் குறைந்தால் சேணத்தின் பையில் ஈயத் தகடு செருகுவார்கள். ஓடி முடித்ததும் மறுபடியும் தராசு. நடுவழியில் ஈயத்தை உருவிப் போட்டுவிட்டு ஓடினால் அங்கே மாட்டிக்கொள்வான். இது ஊருக்கு ஒரு மாதிரி இருந்ததை ஒரே சீராக்கியதில் கிளார்க்குக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்கப் பந்தயக் கழகங்கள் கூடி ஏற்ற விதிகளில் பல அவர் கைப்பட எழுதியவை.

ஆனால் அந்த விதியை நிறைவேற்ற அவரிடம் இருந்த கருவி ஒன்றே ஒன்று. அவருடைய சொல். அதை ஒருவன் மதிக்கவில்லை என்றால் அடுத்தது முஷ்டி. அதற்கும் அடுத்தது துப்பாக்கி.

1879இல் மூர் என்ற குதிரைக்காரர் கட்டணப் பாக்கி வைத்திருந்தார். பாக்கியைக் கட்டாமல் உன் குதிரை ஓடாது என்று கிளார்க் நிறுத்திவிட்டார். விதிப்படி சரி. மூர் அறைக்கே வந்து, என்னை அவமானப்படுத்தினாய், மன்னிப்புக் கேள் என்றார். கிளார்க் ஒரு குத்து விட்டுக் கீழே தள்ளினார், துப்பாக்கியை எடுத்துக் காட்டி வெளியே போ என்றார். மூர் போனார். ஒரு துப்பாக்கியோடு திரும்பி வந்தார். மூடியிருந்த கதவின் வழியாகவே சுட்டார். குண்டு கிளார்க்கின் மார்பில் பாய்ந்தது. பிழைத்துக்கொண்டார். மூரைப் பந்தயத்திலிருந்து விலக்கினார்கள், பிறகு தடையை நீக்கிச் சேர்த்துக்கொண்டார்கள். சிகாகோவில் ஒரு மதுக்கடைப் பரிமாறுபவன் கென்டக்கிக்காரர்களைக் கேவலமாகப் பேசினான் என்று துப்பாக்கியை நீட்டி மன்னிப்புக் கேட்கவைத்ததாகவும் கதை இருக்கிறது. அந்தக் காலத்துக் கென்டக்கியில் இதெல்லாம் வீரம் என்றுதான் பெயர் எடுத்தது. எனக்கு வீரமாகப் படவில்லை. கட்டணப் பாக்கி ஒரு கணக்கு விஷயம், ரசீதும் நோட்டீஸும் போதும். அதை மானப் பிரச்சினை ஆக்கியதால் நெஞ்சில் குண்டு வாங்கினார்.

துப்பாக்கி தீர்க்க முடியாத சண்டை 1886இல் வந்தது. கலிபோர்னியாவின் சுரங்க முதலாளி ஜேம்ஸ் பென் அலி ஹாகின் தன் குதிரைப் பட்டாளத்தோடு லூயிவில் வந்து இறங்கினார். அவருடைய பென் அலி என்ற குதிரை அந்த ஆண்டு டெர்பியை ஜெயித்தது. ஆனால் அன்று திடலில் புக்கிகள் யாருமே இல்லை. நடத்துகிறவர்களுக்கும் புக்கிகளுக்கும் கட்டணத் தகராறு, அவர்கள் கடை விரிக்கவில்லை. பெருந்தொகை கட்ட வந்திருந்த ஹாகினுக்கு வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. குதிரை ஜெயித்தும் பணம் ஜெயிக்க முடியவில்லை. நாளைக்குப் புக்கிகள் வராவிட்டால் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றார். ஒருவழியாகச் சமாதானம் ஆனது. அந்தச் சமயத்தில் திடல் அதிகாரி ஒருவர் ஹாகினைத் தூக்கியெறிந்து பேசிய பேச்சு அவர் காதுக்குப் போயிற்று. ஹாகின் கொட்டிலைக் காலி செய்துகொண்டு கிழக்கே கிளம்பினார். நியூயார்க்கில் இருந்த பணக்காரக் குதிரைக்காரர்களிடமெல்லாம் சொன்னார். அவர்கள் டெர்பியைக் கைவிட்டார்கள், பல வருடம் எட்டிப் பார்க்கவில்லை.

அதன் விளைவைப் பாருங்கள். 1891இல் ஓடியவை நான்கே குதிரைகள். முன்னால் ஓடாதே, கடைசியில் பாய் என்று ஒவ்வொரு ஜாக்கிக்கும் சொல்லியிருந்தார்கள். நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். நேரம் 2 நிமிடம் 52¼ நொடி, அரிஸ்டைடிஸைவிடப் பதினான்கு நொடிக்கு மேல் அதிகம். கிங்மன் என்ற குதிரையில் மர்ஃபி ஜெயித்தார். அந்தக் குதிரையைப் பழக்கியவரும், அதில் பங்கு வைத்திருந்தவரும் டட்லி ஆலன் என்ற கறுப்பர். பந்தயம் கேலிக்கூத்தானாலும் அந்த ஒரு விஷயம் வரலாறு. அடுத்த ஆண்டு 1892இல் மூன்றே குதிரைகள், அதில் இரண்டு ஒரே முதலாளியுடையவை.

1889இல் இன்னொன்றும் நடந்திருந்தது. கிளார்க் பாரிஸில் பார்த்துவிட்டு லூயிவில்லுக்குக் கொண்டுவந்திருந்த அந்தப் பெட்டிகளை எடுத்துவிட்டார்கள். புக்கிகளின் முணுமுணுப்புதான் காரணம். அதாவது எந்தக் குதிரை ஜெயித்தாலும் நடத்துகிறவருக்கு ஒன்றுதான் என்ற ஏற்பாட்டை, யாருடைய கோபமும் தேவைப்படாத ஒரே ஏற்பாட்டை, அவர் திடலே தூக்கி ஓரத்தில் வைத்தது. என் கருத்தில் கிளார்க்கின் தோல்வி இதில்தான் இருக்கிறது. அவர் துப்பாக்கி எடுத்ததைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். பணம் புரளும் இடத்தை ஒரு கனவானின் வாக்கை வைத்து நடத்திவிடலாம் என்று நம்பினார் பாருங்கள், அதை யாரும் எழுதுவதில்லை.

1893இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. கிளார்க்கின் சொத்தில் பெரும்பகுதி அதில் போயிற்று. நடுவர் சீட்டு வாங்கக் கூடாது என்று சட்டம் போட்டவர் பங்குச் சந்தையில் கட்டினார். அதற்குச் சூது என்ற பெயர் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கிளப் நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது, 1894இல் புதிய கம்பெனியிடம் கைமாறியது. கென்டக்கி டெர்பி என்றதும் படத்தில் இரட்டைக் கோபுரம் தெரியுமே, அது 1895இல் புது முதலாளிகள் கட்டியது. கிளார்க் காலத்து அடையாளம் இல்லை. தான் ஆரம்பித்த திடலில் அவர் சம்பளத்துக்கு நடுவராக இருந்தார். மற்ற ஊர்களுக்கும் நடுவர் வேலைக்குப் போனார். 1896இல் டெர்பியின் தூரத்தையும் ஒன்றரை மைலிலிருந்து ஒன்றேகால் மைலாகக் குறைத்தார்கள். மனைவி பிரிந்திருந்தார். உடல்நிலை கெட்டிருந்தது. வறுமை வந்துவிடும் என்ற பயம் அவரை அரித்தது. விருந்து வைத்தே பழகியவருக்கு அந்தப் பயம் எப்படி இருந்திருக்கும் என்று நான் வர்ணிக்கப் போவதில்லை. மெம்பிஸில் ஒரு திடலுக்கு அதிகாரியாகப் போன இடத்தில்தான் எல்லாம் முடிந்தது. லூயிவில்லில் கேவ் ஹில் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள்.

இதற்குப் பின் வந்தவர் மாட் வின். தொழில் தையல். பெரிய மனிதர்களுக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்தவர். பதின்மூன்று வயதில் தன் அப்பாவின் மளிகை வண்டியின் மேல் நின்று முதல் டெர்பியைப் பார்த்தவர். 1902இல் திடல் மூழ்கப் போகிறது என்ற நிலையில் சில நண்பர்களைக் கூட்டி வாங்கினார். அடுத்த ஆண்டே முதல் லாபம். அதுவரை இருபத்தெட்டு வருடம் லாபமே கிடையாது!

1908இல் லூயிவில் நகராட்சி புக்கிகளுக்குத் தடை போட்டது. டெர்பி நின்றுவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். வின் பழைய சட்டப் புத்தகத்தைத் தோண்டினார். பாரிஸ் முறைக்கு மட்டும் பழைய சட்டம் ஒன்று விலக்குக் கொடுத்திருந்தது. உடனே தேடல். கிளார்க் காலத்துப் பெட்டிகள் எங்கே? தூசி படிந்து கிடந்தவற்றைத் தேடிப் பிடித்துச் சரிசெய்தார்கள். அந்த ஆண்டு ஸ்டோன் ஸ்ட்ரீட் என்ற, யாரும் எதிர்பார்க்காத குதிரை ஜெயித்தது. ஐந்து டாலர் கட்டியவனுக்கு 123 டாலர் 60 சென்ட். மறுநாள் செய்தி அதுதான். நீதிமன்றமும் அந்த முறையை ஏற்றது. கிளார்க் இறந்து ஒன்பது வருடம் கழித்து அவருடைய பெட்டி அவருடைய பந்தயத்தைக் காப்பாற்றியது. வின் 1949இல் இறக்கும் வரை எழுபத்தைந்து டெர்பிகளையும் நேரில் பார்த்தார். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு உபசரிப்பார், யாரோடும் சண்டை போடமாட்டார். குதிரையைப் பற்றிக் கிளார்க்குக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட அவருக்குத் தெரிந்திருக்காது என்பது என் ஊகம்.

நம் பக்கம் வருவோம். சென்னை கிண்டியில் 1777லேயே பந்தயம் நடந்திருக்கிறது, கென்டக்கி டெர்பிக்குத் தொண்ணூற்றெட்டு வருடம் முந்தி. 1974இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு இருபது வருடத்துக்கு மேல் நீண்டது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கே.ஆர். லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம், சூதாட்டம் என்று சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் கைத்திறன் எல்லாம் சேர்ந்துதான் வெற்றி என்பது வாதம். ரம்மியும் திறமை ஆட்டம் என்று 1967இல் ஆந்திரப் பிரதேச வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. சட்டப்படி மறுக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் திறமை ஓட்டுகிறவனுக்கும் பழக்குகிறவனுக்கும் இருக்கிறது. சீட்டு வாங்கிக்கொண்டு வேலியோரம் நிற்கிறவனுக்கு எவ்வளவு இருக்கிறது என்று அவன் வீட்டம்மாவைக் கேட்டால் வேறு தீர்ப்பு வரும். (சிரிப்பு)

கிண்டித் திடலின் 160 ஏக்கர் அரசு நிலம். 1945இல் தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகை, ஆண்டுக்கு அறுநூற்றுச் சொச்சம் ரூபாய். பின்னால் வாடகையை உயர்த்தி அரசு நோட்டீஸ் கொடுத்தது, திடலை நடத்திய கிளப் ஏற்கவில்லை. பாக்கி சுமார் 730 கோடி ரூபாய் என்று கணக்குப் போட்டார்கள். 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து வாசலில் சீல் வைத்தார்கள். மழைநீர் தேங்கக் குளம் வெட்டலாம், பூங்கா அமைக்கலாம் என்பது அப்போது அரசு போட்ட திட்டம். இந்தத் தகராறில் யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. ராஜாக்களும் செட்டியார்களும் கவர்னர்களும் தொப்பி வைத்துக்கொண்டு நின்ற இடத்தில் கடைசியில் பேச்சு வந்து நின்றது வாடகைப் பாக்கியில் என்பதை மட்டும் கவனியுங்கள். மூரோடு கிளார்க்குக்கு வந்த தகராறும் பாக்கியைப் பற்றித்தான். சென்னையில் கதவுக்கு வெளியே வந்தது தாசில்தார், கையில் காகிதம் இருந்தது. அந்த மட்டில் நாம் முன்னேறித்தான் இருக்கிறோம்.

இன்னும் ஒரு தகவல் சொல்லி முடிக்கிறேன். 1875இல் அந்த முதல் வாரத்திலேயே டெர்பியோடு கூட இன்னொரு பந்தயத்தையும் கிளார்க் ஏற்படுத்தினார், அதற்குத் தன் பெயரையே வைத்தார். இன்றும் நவம்பர் கடைசியில், அமெரிக்கர்கள் நன்றி நாள் கொண்டாடும் வாரத்தில், சர்ச்சில் டவுன்ஸில் கிளார்க் பந்தயம் ஓடிக்கொண்டிருக்கிறது. டெர்பிக்கு வரும் கூட்டம் அதற்கு வருவதில்லை. திடலில் பணம் கட்டுகிறவர்கள் எல்லோரும் டோட்டில்தான் கட்டுகிறார்கள்.

கேட்க விரும்புகிறவர்கள் கேள்வி கேட்கலாம். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள்.